பங்கு போடுமுன் ஓர் அளவை: கல்லீரல் கொடையாளருக்கு சி.டி. ஸ்கேன் எதற்கு?

"ரிப்போர்ட்டில் நோய் ஒன்றும் இல்லை என்றுதானே போட்டிருக்கிறது? பிறகு ஏன் என்னை வேண்டாம் என்கிறீர்கள், டாக்டர்?"

கேட்டவருக்கு 34 வயது. அண்ணனின் கல்லீரல் சுருங்கிப் போயிருந்தது. இரத்த வகை பொருந்தியது. குடியோ புகையோ கிடையாது. கொடுத்தே தீருவேன் என்று வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். அவரைத் திருப்பி அனுப்பியது ஒரு சி.டி. ஸ்கேன். ஸ்கேன் உறையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நின்றார். அண்ணனுக்கு இல்லை என்று ஆனதைவிடத் தன் உடம்பில் ஏதோ கோளாறு இருக்கிறது என்ற அச்சம்தான் அவரை அதிகமாக வாட்டியது.

ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்வது என் வேலை. இந்தக் கேள்வியை வேறு வேறு முகங்களில் பலமுறை சந்தித்திருக்கிறேன். கல்லீரல் கொடை பற்றி ஊரில் நிறையப் பேச்சு இருக்கிறது. 'குரூப் ஒத்துப்போனால் போதும்', 'பாதியை வெட்டினாலும் பழையபடி முளைத்துவிடும்', 'ஸ்கேனில் தள்ளிவிட்டார்கள் என்றால் ஏதோ நோய்தான்'. மூன்றும் தவறு. மூன்றையும் திருத்த வேண்டுமானால், அந்த ஸ்கேன் எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நோயைத் தேடும் ஸ்கேன் அல்ல இது

அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஏக்கர் நிலத்தில் மூன்று ஏக்கர் ஒருவருக்கு, இரண்டு ஏக்கர் மற்றவருக்கு. பத்திரத்தில் அப்படி எழுதிவிட்டால் மட்டும் வெள்ளாமை வீட்டுக்கு வந்துவிடுமா? ஒவ்வொரு பங்குக்கும் தண்ணீர் வர வாய்க்கால் வேண்டும், மிஞ்சிய நீர் வெளியேற வடிகால் வேண்டும். வாய்க்கால் அடுத்தவன் பங்கில் மாட்டிக்கொண்டால் பயிர் காயும். வடிகால் இல்லாவிட்டால் அழுகும். அதனால்தான் பத்திரம் எழுதுமுன் நில அளவையரை அழைக்கிறோம். நிலம் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க அவர் வருவதில்லை. எந்த இடத்தில் பிரித்தால் இரண்டு பங்கும் பிழைக்கும் என்று சொல்ல வருகிறார்.

கல்லீரல் கொடையாளருக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேனும் அப்படிப்பட்ட நில அளவைதான். ஆரோக்கியமான நிலமாக இருந்தும், பிரிக்க முடியாத அமைப்பாக இருக்கலாம். அந்தத் தம்பிக்கு நேர்ந்தது அதுதான்.

வாய்க்கால் இரண்டு, வடிகால் மூன்று

வயது வந்தவரின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ எடை இருக்கும். வெளியில் இருந்து பார்த்தால் ஒரே கட்டி. உள்ளே நான்கு குழாய்த் தொகுதிகள் கிளைவிட்டு ஓடுகின்றன.

இரத்தத்தைக் கொண்டுவருபவை இரண்டு. முதலாவது போர்ட்டல் சிரை: குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் இரத்தத்தைத் திரட்டிக்கொண்டு வரும் பெருங்குழாய். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் முக்கால் பங்கு இதன் வழியாகத்தான் வருகிறது. வண்டல் சுமந்துவரும் ஆற்று வாய்க்கால் போல, நாம் உண்டதன் சத்து இதில் இருக்கும். இரண்டாவது கல்லீரல் தமனி. இது இதயத்திலிருந்து ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தைக் கொண்டுவரும் மெல்லிய குழாய்.

இரத்தத்தை வெளியேற்றுபவை வலது, நடு, இடது என்று மூன்று கல்லீரல் சிரைகள். இவை மூன்றும் இதயத்துக்குப் போகும் பெருஞ்சிரையில் சேர்கின்றன. நான்காவது தொகுதி பித்த நாளம். கல்லீரல் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்கு இறக்கும் குழாய்.

பிரான்சு நாட்டு அறுவை மருத்துவர் குளோட் குயினோ, இந்தக் குழாய்கள் கிளைவிடும் விதத்தை வைத்துக் கல்லீரலை 8 பகுதிகளாக வகுத்து 1957-இல் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு பகுதிக்கும் தனி வாய்க்கால், தனிப் பித்தக் குழாய். இந்த அமைப்பு இருப்பதால்தான் கல்லீரலைப் பிரித்துக் கொடுக்கவே முடிகிறது. இதயத்தில் இது நடக்காது.

ஆனால் ஒரு சிக்கல். கல்லீரலின் மேற்பரப்பில் ஒரு தசைநார் மடிப்பு கோடு போட்டதுபோல் தெரியும். பழைய உடற்கூறு நூல்கள் அதைத்தான் வலது, இடது எல்லையாகக் காட்டின. உள்ளே ஓடும் இரத்த ஓட்டத்தின் எல்லை அங்கே இல்லை. பித்தப்பைக்கு நேராகப் பின்னோக்கிப் போகிறது. வெறும் கண்ணுக்கு அது தெரியாது. வயிற்றைத் திறந்த பிறகு தேடிக்கொண்டிருக்கவும் முடியாது. முன்கூட்டியே படம் வேண்டும்.

அறுக்காமல் நறுக்கிப் பார்ப்பது

வாழைத்தண்டை மெல்லிய வட்டங்களாக நறுக்கி, வரிசை மாறாமல் அடுக்கினால் மறுபடி முழுத் தண்டு கிடைக்கும். ஒவ்வொரு வட்டத்தையும் எடுத்துப் பார்த்தால் நார் எங்கே ஓடுகிறது என்றும் தெரியும். சி.டி. இயந்திரம் இதை எக்ஸ்ரே கதிர்களால் செய்கிறது. எக்ஸ்ரே குழாய் உடலைச் சுற்றிச் சுழல்கிறது. எதிர்ப்பக்கம் உள்ள உணரிகள், எவ்வளவு கதிர் உடலைக் கடந்து வந்தது என்று அளக்கின்றன. பல கோணங்களிலிருந்து கிடைத்த அளவுகளைக் கணினி சேர்த்து, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய வெட்டுப் படங்களாக மாற்றுகிறது. 1971-இல் லண்டனில் ஒரு நோயாளியின் தலையை முதன்முதலில் இப்படிப் படம் எடுத்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு, ஆலன் கார்மாக்குடன் சேர்த்து, 1979-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இதில் ஒரு குறை உண்டு. சாதாரண சி.டி. படத்தில் கல்லீரலும் அதற்குள் ஓடும் இரத்தமும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும். குழாய்களைப் பிரித்துக் காட்டத்தான் கான்ட்ராஸ்ட் மருந்து. இது கையிலுள்ள சிரை வழியாகச் செலுத்தும் அயோடின் கலந்த திரவம். அயோடின் எக்ஸ்ரேயைத் தடுப்பதால் அது போகும் குழாயெல்லாம் படத்தில் வெள்ளையாக ஒளிரும். ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை ஒரு சூடு பரவும். சிறுநீர் கழித்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றும். முன்பே சொல்லிவைத்தால் யாரும் பதறுவதில்லை. அதனால் நான் ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுகிறேன்.

மருந்தைவிட நேரம்தான் முக்கியம். மேட்டூரில் மதகு திறந்த அன்றே கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடாது. எந்த ஊரில் எப்போது தண்ணீர் ஓடும் என்று தெரிந்தவர்தான் சரியான நேரத்தில் போய்ப் பார்க்க முடியும். கான்ட்ராஸ்ட் ஏறிய ஏறத்தாழ அரை நிமிடத்தில் கல்லீரல் தமனி வெளுத்துத் தெரியும். போர்ட்டல் சிரைக்கு வரும் இரத்தம் முதலில் குடலையும் மண்ணீரலையும் சுற்றிவிட்டு வர வேண்டும் என்பதால் அது ஒளிர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். வடிகாலான கல்லீரல் சிரைகள் அதற்கும் சற்றுப் பின்னால். ஆகவே மருந்துக்கு முன் ஒருமுறை, மருந்துக்குப் பின் இரண்டு மூன்று முறை என்று ஒரே படுக்கையில் பல சுற்று எடுக்கிறோம். 'மூச்சை இழுத்துப் பிடியுங்கள்' என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். கல்லீரலைப் பிரிப்பது என்றால் குழாய்களைப் பிரிப்பது. குழாய்களின் வழியை, நேரம் பார்த்து எடுத்த சி.டி. படங்கள் காட்டுகின்றன. இனி அந்தப் படங்களிலிருந்து என்ன கணக்குப் போடுகிறோம் என்று பார்க்கலாம்.

எத்தனை கிராம் போக வேண்டும், எத்தனை இருக்க வேண்டும்

திரையில் ஒவ்வொரு வெட்டுப் படத்திலும் கல்லீரலின் ஓரத்தைக் கோடிட்டு அடைப்போம். இப்போது மென்பொருள் பெரும்பகுதியைத் தானே வரைந்துவிடுகிறது, நாம் திருத்துகிறோம். ஒவ்வொரு வெட்டின் பரப்பையும் அதன் தடிமனால் பெருக்கிக் கூட்டினால் கல்லீரலின் முழுக் கனஅளவு கிடைக்கும். பிறகு வெட்டப்போகும் எல்லையைத் திரையிலேயே போட்டு, வலப்பக்கம் எவ்வளவு, இடப்பக்கம் எவ்வளவு என்று பார்க்கிறோம். ஒரு மில்லிலிட்டர் கல்லீரலை ஏறத்தாழ ஒரு கிராம் என்று கொள்ளலாம். உயிருள்ள கல்லீரல் இரத்தத்தால் நிறைந்திருப்பதால், படத்தில் வரும் அளவு வெட்டி எடுத்த பின் தராசில் வரும் எடையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அதையும் கழித்துக்கொள்கிறோம்.

இரண்டு எண்கள் முடிவைத் தீர்மானிக்கின்றன. பெறுபவருக்குக் கிடைக்கும் துண்டு அவருடைய உடல் எடையில் பொதுவாக 0.8 விழுக்காடாவது இருக்க வேண்டும். கொடையாளரிடம் மிஞ்சுவது அவருடைய முழுக் கல்லீரலில் 30 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. சில மருத்துவமனைகளில் 35.

அந்தத் தம்பியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அண்ணனின் எடை 65 கிலோ. அவருக்குக் குறைந்தது 520 கிராம் வேண்டும். தம்பியின் முழுக் கல்லீரல் 1,100 மில்லிலிட்டர். அதில் வலது பாகம் 800, இடது பாகம் 300. வலது பாகத்தைக் கொடுத்தால் அண்ணனுக்குத் தாராளம். ஆனால் தம்பியிடம் மிஞ்சுவது 27 விழுக்காடு. சரி, இடது பாகத்தைக் கொடுக்கலாம் என்றால் தம்பிக்கு ஆபத்து குறைவு. அண்ணனுக்கு 300 கிராம் போதவே போதாது. சிறு துண்டால் போர்ட்டல் சிரை வழியாகப் பாயும் இரத்தத்தைத் தாங்க முடியாமல், மஞ்சள் காமாலை கூடி, வயிற்றில் நீர் கோத்து, புதுக் கல்லீரலே தோற்றுப்போகும்.

இரண்டு கதவுகளும் அடைத்துக்கொண்டன. பெரும்பாலானவர்களுக்கு வலது பாகம் 60 முதல் 65 விழுக்காடு இருக்கும். இவருக்கு 73. இது நோய் இல்லை. ஒருவருக்குக் கை நீளமாக இருப்பதைப்போல ஓர் அமைப்பு, அவ்வளவுதான். தன் உடம்போடு அவர் நூறு வயது வரை வாழலாம். பங்கு போடத்தான் முடியாது. இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோதுதான் அவர் முகம் தெளிந்தது.

பெறுபவர் குழந்தையாக இருந்தால் கணக்கே மாறிவிடும். 10 கிலோ குழந்தைக்கு 80 கிராமே குறைந்தபட்சம். பெற்றோரின் இடது ஓரத் துண்டு, 200 கிராம் சொச்சம், தாராளமாகப் போதும். உயிருடன் இருப்பவரிடமிருந்து கல்லீரல் பெறும் முயற்சி குழந்தைகளிடம்தான் முதலில் வென்றது. 1989-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஒரு ஜப்பானியத் தாய் தன் மகனுக்குக் கொடுத்தார். வயது வந்தவருக்கு வயது வந்தவர் கொடுக்கும் அறுவை ஜப்பானில் 1993-இல்தான் சாத்தியமானது. இந்தியாவில் வெற்றிபெற்ற முதல் கல்லீரல் மாற்றும் ஒரு குழந்தைக்குத்தான்: 1998-இல் தில்லியில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்கு அவன் தந்தை கொடுத்தது.

வரப்பில் ஓடும் வடிகால்

என்னைக் கேட்டால், கொடையாளர் ஸ்கேனில் மிகவும் நுட்பமான இடம் இதுதான். அறுவை மருத்துவர்கள் எங்களோடு உட்கார்ந்து அதிக நேரம் பார்ப்பதும் இதைத்தான்.

மூன்று கல்லீரல் சிரைகளில் நடுச்சிரை, வலது பாகத்துக்கும் இடது பாகத்துக்கும் இடையிலான எல்லையிலேயே ஓடுகிறது. இரண்டு பக்க வயலின் நீரையும் வாங்கிக்கொண்டு வரப்பு ஓரமாக ஓடும் வடிகால் அது. பாகம் பிரிக்கும்போது அதை யாருக்குக் கொடுப்பது?

பல இடங்களில் நடுச்சிரையைக் கொடையாளரிடமே விட்டுவிடுகிறார்கள். அவருடைய நலனே முதல் என்பதால் அது சரியான முடிவு. அப்படி விட்டால், வலது பாகத்தின் முன்பகுதியிலிருந்து நடுச்சிரைக்கு வந்துகொண்டிருந்த கிளைகள் வெட்டுப்படும். அந்தப் பகுதிக்கு இரத்தம் வரும். போக வழி இருக்காது. தண்ணீர் தேங்கிய வயல்போல அது கனத்து வீங்கும். எடைக் கணக்கில் 700 கிராம் என்று இருக்கும் துண்டு, வேலை செய்யும் கணக்கில் 500 ஆகிவிடலாம்.

ஆகவே திரையில் அந்தக் கிளைகளை ஒவ்வொன்றாகத் தேடி, தடிமன் அளக்கிறோம். 5 மில்லிமீட்டருக்கு மேல் உள்ள கிளை என்றால் பொதுவாக அதைத் தனியாகக் குறித்துச் சொல்வோம். அறுவை மருத்துவர் ஒரு சிரைத் துண்டையோ செயற்கைக் குழாயையோ இணைத்து, அந்தக் கிளைக்குப் புது வடிகால் அமைப்பார். சிலருக்கு வலது பாகத்தின் கீழ்ப்புறத்திலிருந்து கூடுதலாக ஒரு சிரை நேராகப் பெருஞ்சிரைக்கே போகும். அதைக் கவனிக்காமல் விட்டால் அறுவையின்போது இரத்தம் பெருகும். முன்கூட்டியே தெரிந்தால் அதுவே ஒரு நல்ல வடிகாலாகப் பயன்படும். ஒரே குழாய், தெரிந்தவருக்கு உதவி, தெரியாதவருக்கு ஆபத்து.

தமனியும் போர்ட்டல் சிரையும் இந்த அளவுக்கு வாதத்துக்கு இடம் தருவதில்லை. ஆனால் அவற்றிலும் பாடநூல் படம் எல்லோருக்கும் பொருந்தாது. கால்வாசிப் பேருக்கு மேல் கல்லீரல் தமனியின் கிளைகள் வேறு இடத்திலிருந்து கிளம்புகின்றன. குடலுக்குப் போகும் தமனியிலிருந்து வலது கிளை பிரிந்து வருவது அடிக்கடி காண்பது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் குழாயை உருப்பெருக்கியின் கீழ் தைக்கப்போகிறவருக்கு அது எங்கே கிளம்புகிறது என்று தெரிந்தாக வேண்டும். போர்ட்டல் சிரை வழக்கமாக இரண்டாகப் பிரியும். சிலருக்கு ஒரே இடத்தில் மூன்றாகப் பிரியும். அப்போது வெட்டி எடுக்கும் வலது பாகத்தில் ஒரு வாய்க்குப் பதில் இரண்டு வாய்கள் இருக்கும்; இணைப்பு வேலை கடினமாகும்.

கொழுப்பு எவ்வளவு?

மருந்து ஏற்றுமுன் எடுக்கும் முதல் சுற்றுப் படம் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். ஒரு காரணம் கொழுப்பு. சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. அது ஹவுன்ஸ்ஃபீல்ட் எண். தண்ணீருக்கு 0, காற்றுக்கு கழித்தல் 1,000, கொழுப்புக்கு ஏறத்தாழ கழித்தல் 100. நல்ல கல்லீரல் 60-ஐ ஒட்டி இருக்கும். பக்கத்தில் உள்ள மண்ணீரல் அதைவிட ஏறத்தாழ 10 குறைவு. கல்லீரலில் கொழுப்பு சேரச்சேர அதன் எண் இறங்கும். மண்ணீரல் அப்படியே இருக்கும். ஆகவே மண்ணீரலை உரைகல்லாக வைத்துக்கொள்கிறோம். கல்லீரல் அதைவிடக் கருத்துத் தெரிந்தால் கொழுப்பு இருக்கிறது. 10 எண்ணுக்கு மேல் தாழ்ந்தால் கொழுப்பு 30 விழுக்காட்டைத் தாண்டியிருக்கலாம். அத்தகைய கல்லீரலைப் பொதுவாக எடுப்பதில்லை.

ஃபேட்டி லிவர் என்று தள்ளப்பட்டவர்களுக்கு நான் அழுத்தமாகச் சொல்வது இது: இந்தக் காரணம் மட்டும் பெரும்பாலும் மாறக்கூடியது. உணவைக் கட்டுப்படுத்தி, நாள்தோறும் நடந்து, சில கிலோ குறைத்துவிட்டு வந்து கொடையாளர் ஆனவர்கள் இருக்கிறார்கள். குழாயின் போக்கை மாற்ற முடியாது. கொழுப்பைக் குறைக்கலாம்.

சி.டி. சொல்லாதவை

பித்த நாளம் மெல்லியது. அதில் கான்ட்ராஸ்ட் ஓடுவதுமில்லை. அதனால் சி.டி.யில் சரியாகத் தெரியாது. அதற்கு எம்.ஆர்.சி.பி. என்ற காந்த ஸ்கேன் தனியே எடுக்கிறார்கள். பித்தநீரை மட்டும் ஒளிரச் செய்து காட்டும் படம் அது. கொழுப்பு கொஞ்சமாக இருந்தால் அதையும் சி.டி. நம்பகமாகச் சொல்லாது.

ஸ்கேனுக்கும் விலை உண்டு. வயிற்றுப் பகுதியில் ஒரு சுற்று சி.டி. எடுத்தால், இயற்கையிலிருந்து நமக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் வரும் கதிர்வீச்சு ஒரே நேரத்தில் கிடைக்கிறது. இங்கே பல சுற்று. ஆரோக்கியமான ஒருவரை இதற்கு உட்படுத்துகிறோம் என்ற நினைவு எங்களுக்கு இருக்க வேண்டும். அதனால்தான் இரத்த வகை, சிறுநீரகச் செயல்பாடு, மற்றச் சோதனைகள் எல்லாம் சரியாக வந்த பிறகே ஸ்கேனுக்கு அனுப்புகிறார்கள்.

சி.டி.யால் பார்க்க முடியாத இன்னொன்று மனம். இந்தியாவில் உயிருடன் இருக்கும்போதே உறுப்புக் கொடுப்பவர்களில் பெண்களே மிகுதி. வீட்டில் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள் என்பதற்காக மட்டும் ஒருவர் அந்த இயந்திரத்தில் வந்து படுக்கக் கூடாது. கொடையாளரிடம் மருத்துவர் தனியே பேசுவது இதற்காகத்தான். விருப்பமில்லை என்று அங்கே சொன்னால், குடும்பத்தாரிடம் காரணத்தை விளக்காமல், 'இவர் பொருந்தவில்லை' என்று மட்டும் சொல்வது நல்ல மரபு.

'முளைத்துவிடும்' என்றால் என்ன?

வெட்டிய வலது பாகம் அதே இடத்தில் மறுபடி முளைப்பதில்லை. மிஞ்சிய பாகத்திலுள்ள செல்கள் பெருகி, அந்தப் பாகமே பருக்கிறது. புதுக் கிளைகளுடன் இழந்த பாகம் திரும்பி வருவதில்லை. பழைய வடிவமும் திரும்பாது. அதனால்தான் தொடக்கத்தில் மிஞ்சுவது 30 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்கிறோம். பருத்து வரும் வரை அந்த மிச்சம்தான் முழு உடம்பையும் தாங்க வேண்டும். வலது பாகம் கொடுப்பவர்களில் ஆயிரத்தில் ஒருவர் முதல் ஐந்து பேர் வரை இறந்துபோகும் ஆபத்து இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். சிறிய எண்தான். ஆனால் நோயே இல்லாமல் நடந்து வந்தவர்களின் எண் அது.

அந்தத் தம்பியின் அண்ணனுக்கு இறுதியில் கொடுத்தவர் அண்ணி. அவருடைய கல்லீரல் 1,150 மில்லிலிட்டர். வலது பாகம் 720, மிஞ்சுவது 430, அதாவது 37 விழுக்காடு. அறுவை முடிந்து மூன்று மாதம் கழித்து அவருக்கு எடுத்த ஸ்கேன் என் மேசைக்கு வந்தது. வலது விலா எலும்புகளுக்குக் கீழே வெற்றிடமாக இருந்த இடத்தில், இடது பாகம் உருண்டு பருத்து வலப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பாடநூலில் எங்கும் இல்லாத வடிவம். ஓரத்தைக் கோடிட்டு அடைத்தேன். 950 மில்லிலிட்டர். நடுச்சிரை அவரிடமே இருந்தது, அடைப்பில்லாமல், விரிந்து ஓடிக்கொண்டிருந்தது.